கோமுட்டேரிச் சேற்றை ரசிப்பது எப்படி?

ஜவ்வாது மலைக்குச் செல்வோர் பீமன் நீர்வீழ்ச்சியில் நீராடி, காவலூர் வானாய்வகத்தைக் கண்டு, ஜமுனாமரத்தூர்க் கோமுட்டேரியில் படகேறித் திரும்புவது வழக்கம். அந்த ஏரியின் கரையோரச் சேற்றைச் சற்றே நின்று பார்ப்பவர் மிகச் சிலர். ஆயினும், ஜீவராசிகளின் பரிணாமம் என்னும் மகத்தான காரியத்தை ரசிக்க விரும்புவோர்க்கு அதனினும் உகந்த இடம் அம்மலையில் இல்லை என்பது என் துணிபு.

முதலில், இலை தழை மட்கிய இடமாகப் பார்த்து, ஒரு கோலால் மெல்லக் கிளறி, எழுகின்ற குமிழிகளைக் கவனியுங்கள். 1776-இல் இத்தாலியின் மாஜோரே ஏரியில் இயற்பியலாளர் வோல்டா இப்படிக் கிளறித்தான் மீத்தேன் வாயுவைச் சேகரித்தார். பிராணவாயு எட்டாத அடிச்சேற்றில், மட்கும் இலைகளைப் பாக்டீரியாக்கள் சிதைக்க, எஞ்சியதை ஆர்க்கியா என்னும் வேறொரு குலத்து நுண்ணுயிர்கள் அவ்வாயுவாக மாற்றுகின்றன. காற்றின்றியும் உயிர் வாழும் என்று விஞ்ஞானி பாஸ்டர் 1861-இல் கண்டு சொன்னது இத்தகைய ஜீவன்களைப் பற்றியே.

அடுத்து, கண்ணுக்குப் புலனாகாததைக் கணக்கால் காணுங்கள். உதாரணமாக, நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளாலானது. அதைப் பிரதி செய்கையில் ஏறத்தாழ ஆயிரம் பிரிதல்களுக்கு ஒரு முறைதான் ஓர் எழுத்து பிழையாகிறது. அவ்வளவு அபூர்வமான பிழையும், சிட்டிகைச் சேற்றிலேயே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் பெருகுமிடத்தில் அன்றாட நிகழ்ச்சியாகிவிடுகிறது.

அப்பிழை தேவையறிந்து வருவதன்று. வைரஸைத் தாங்கும் திறன், வைரஸைச் சந்திக்கும் முன்னரே சில பாக்டீரியாக்களில் தற்செயலாகத் தோன்றிவிடுகிறது என்பதை விஞ்ஞானிகள் லூரியாவும் டெல்புரூக்கும் 1943-இல் நிறுவினர்.

இத்தகைய தற்செயல் பிழையின் பயனை அறிய உயிரியலாளர் லென்ஸ்கியின் சோதனையைச் சிந்தியுங்கள். 1988 முதல் அமெரிக்காவில் அவர் 12 குடுவைகளில் வளர்த்துவந்த ஈ. கோலையுள், சுமார் 31,000 தலைமுறைகளுக்குப் பின், ஒரு குடுவையின் வம்சம் மட்டும் காற்றுள்ள நிலையில் சிட்ரேட்டை உண்ணத் தொடங்கிற்று. பிராணவாயு இல்லாதபோது மட்டும் இயங்கிவந்த ஒரு மரபணு இரட்டித்து, அதன் பிரதி, காற்றிலும் இயங்கும் ஒரு விசைக்கு அருகே அமைந்ததே அதற்குக் காரணம். அதாவது, காற்றில்லா வாழ்வுக்கென்று வைத்திருந்த பழைய பொருளே புதிய வாழ்வுக்கு முதலாயிற்று.

ஆகவே, சேற்றைப் பார்க்கையில் ரசிகர் இரண்டையும் சேர்த்தே எண்ணப் பழக வேண்டும்: பிழையை விளைவிப்பது தற்செயல், அதில் எது நிலைக்கும் என்று தீர்மானிப்பதில் வாழுமிடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் காண்பவர், உயிரின் வரலாற்றில் பாதியைத்தான் ரசிக்கிறார்.