கோட்டையும் சுருங்கையும்

நம் சங்க விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகின்றன. தமிழக அரசு 1970-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அவ்வாழ்த்து, மனோன்மணீயம் என்னும் நாடகத்தின் பாயிரத்தில் உள்ளதாகும். அந்நாடகத்தை இயற்றியவர் இந்நகரில் வாழ்ந்த பேராசிரியர் என்பதை நம்மிற் பலர் அறிவர். எனினும் பாயிரத்தைக் கடந்து நாடகத்தினுள் நுழைந்தவர் எத்தனை பேர்? கோபுர வாயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புவோராகவே நாம் இருந்துவருகிறோம்.

பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் பயிற்றி, 1897-இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தவர். திருவிதாங்கூரின் பண்டை மன்னர்களைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்தவரும் அவரே. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் கதைக்கரு, ஆங்கிலேயரான லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் கதையிலிருந்து பெறப்பட்டது. கரு இரவலாயினும் அதனுள் எழும் வினா தத்துவப் பேராசிரியருக்கே உரியது. தன்னை அறியாதவன் உரிமையுடையவனாக வாழ்தல் கூடுமா?

பாண்டியன் ஜீவகன் கொடுங்கோலன் அல்லன், நல்லவன். அதுவே அவனுடைய துன்பத்திற்குக் காரணம் என்றும் சொல்லலாம். அமைச்சன் குடிலன் சொற்கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை எழுப்புகிறான். குடிலன் அவனை வாள்காட்டி அச்சுறுத்துவதில்லை. அவனுக்கு அவனையே பெரிதாக்கிக் காட்டுகிறான், அவ்வளவே. தன் உருவைப் பிறன் பிடித்த கண்ணாடியில் மட்டும் கண்டு பழகியவன், அக்கண்ணாடி கோணியபோது தானும் கோணுகிறான். தன்னைக் காத்து நின்ற நாராயணனையே துரோகியெனக் கருதித் தண்டிக்க முற்படுகிறான். சேரன் படை வருமுன்பே பாண்டியன் தன் உரிமையை இழந்துவிட்டான் என்பதே நம் கருத்து. போர்க்களத் தோல்வி அதன் வெளியறிவிப்பு மட்டுமே.

சுந்தர முனிவர் அமைத்த சுருங்கையை, அதாவது நிலத்தடி வழியை, இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். மதிலின் உயரத்தை எண்ணி மகிழும் அரசனுக்குத் தன் அரண்மனையின் அடியிலேயே ஒரு வழி இருப்பது தெரியாது. முனிவர் அதை வெளிப்படுத்தியதும் அவன் செய்வது என்ன? குடிலனிடமே கூறிவிடுகிறான்! குடிலன் அவ்வழியே நள்ளிரவில் சேரனிடம் சென்று அரசைக் காட்டிக்கொடுக்க முயல்கிறான். சேரன் புருடோத்தமனோ, துரோகத்தால் வரும் வெற்றியை வேண்டாமென மறுத்துக் குடிலனைச் சிறைப்பிடிக்கிறான். இப்புருடோத்தமனின் அரண்மனையைப் பிள்ளையவர்கள் திருவனந்தபுரத்தில் அமைத்திருப்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

ஜீவகனை உயிராகவும், குடிலனை மாயையாகவும், முனிவரைக் குருவாகவும் கொண்டு தத்துவ உருவகமாக இந்நாடகத்தை விளக்குவோர் உளர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பட்டியலில் வாணிக்கு எந்த இடத்தைக் கொடுப்பது? நாடகத்தில் தன் நெஞ்சைத் தானே அறிந்து, அறிந்ததை அரசன் முன்னிலையிலும் அஞ்சாது சொல்லுகின்றவள் அவளே. தந்தை பொருளாசையால் குடிலன் மகன் பலதேவனுக்குக் கொடுக்க முனைகிறார், அரசனும் வற்புறுத்துகிறான். நடராசனையன்றி வேறொருவரை மணவேன் என்று அவள் நிற்கிறாள். மனோன்மணியோ, கனவில் கண்டவனிடம் உள்ளத்தை வைத்திருந்தும், தந்தையின் பொருட்டுப் பலதேவனை மணக்க இசைகிறாள். வாணியின் விருப்பம் நிறைவேற வேண்டும் என்பதொன்றையே கைம்மாறாகக் கேட்கிறாள். தனக்கு வேண்டியதைக் கேட்க நாவெழாதவள் தோழிக்காகக் கேட்கும் அவ்விடம் நெஞ்சை உருக்குவது. ஆயினும் அவளுடைய தியாகத்தை ஆசிரியர் மிகையாகப் போற்றிவிட்டார் என்பது நம் குறை. காப்பியத் தலைவிக்குரிய மகுடம் தோழிக்கே பொருந்தியிருக்கும்.

இதையெல்லாம் நாம் ஏன் பேசவேண்டும்? நாடகத்தில் போர் மூளுவதற்குச் சாக்காய் அமைவது நாஞ்சில் நாடு. அதே நாஞ்சில் நாடு, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள், 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாம் இப்பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். இங்கே நம்மைப் 'பாண்டி' என்பர்; ஊருக்குப் போனால் 'மலையாளத்தார்' என்பர். இரண்டும் பிறர் பிடிக்கும் கண்ணாடிகள். நம் பிள்ளைகள் சிலர் முதற்பெயருக்கு நாணித் தமிழை வீட்டு வாசலிலேயே கழற்றி வைக்கின்றனர். வேறு சிலரோ அதற்கு எதிராக மதில் கட்டிக்கொண்டு, அண்டை வீட்டாரின் மொழியை இகழ்வதே தமிழ்ப்பற்று என்று எண்ணுகின்றனர். ஜீவகன் கட்டிய கோட்டையும் அத்தகையதே.

ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. அவருடைய பாயிரத்தில் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழோடு உறவுடையனவாக வருகின்றன. தாய்-மகள் என அவர் கூறிய முறையை இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார். ஒரு குடும்பத்து மொழிகள் என்ற அளவில் ஏற்பர். 1970-இல் அவ்வடிகளை விடுத்தே அரசு வாழ்த்தை அமைத்தது. தமிழ்நாட்டில் அவை இல்லாமல் பாடுவதற்குக் காரணம் இருக்கலாம். திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அவற்றையும் படித்தறிந்திருக்க வேண்டும்.

நாடகம் முழுவதையும் மேடையேற்றுவது எளிதன்று. ஆசிரியப்பா நடை இன்றைய நாவுக்குக் கடினம். வாணி அரசனுக்கு மறுமொழி கூறும் பகுதியை மட்டுமாவது வரும் ஆண்டு விழாவில் நம் பெண்மக்கள் நடித்துக் காட்டலாம். பயிற்றுவிக்க முன்வரும் தமிழாசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.