காணோமா, இல்லையா?

ஆங்கிலத்தில் ‘லிசர்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதைத் தமிழ் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது: பல்லி, ஓணான், அரணை, உடும்பு. சுவரிலும் பாறையிலும் ஒட்டுவது ஒன்று, வேலியில் தலையாட்டுவது ஒன்று, சருகுக்குள் வழுக்கி ஓடுவது ஒன்று, ஆள் அரவம் கேட்டதும் பொந்துக்குள் புகுவது ஒன்று. ஊரார் கண்ணால் பார்த்துப் போட்ட இந்தப் பிரிவு, விலங்கியலார் வகுத்த குடும்பங்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மலைக்காடுகளில் இவற்றுக்கு நடக்கும் கணக்கெடுப்பை எடைபோட இந்த நான்கு பெயர்களே போதும்.

கணக்கெடுப்பில் அதிகம் புழங்கும் முறை மிக எளியது. இரண்டு மூன்று பேர் நேரம் குறித்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும்; கண்ணில் பட்டதை இடம், உயரம், மணியோடு எழுத வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதே அளவு. செலவு குறைவு, விலங்குக்குத் தொந்தரவும் குறைவு. புலிக்கு வைப்பதுபோல் கேமரா வைத்துக் கையளவுப் பல்லியைப் பிடிக்க முடியாத இடத்தில், மனிதக் கண்தான் கருவி.

அந்தக் கண் இரவில்தான் நன்றாக வேலை செய்கிறது. பகலில் மரப்பட்டையோடு கலந்து ஏமாற்றும் காட்டு ஓணான், இருட்டியதும் மெல்லிய கொப்பின் நுனிக்குப் போய்த் தூங்கும். பாம்பு ஏறினால் கொப்பு ஆடும், விழித்துக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தூக்கத்தில் உடல் வெளிறிவிடுவதால் டார்ச் வெளிச்சம் பட்டதும் இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். பகல் முழுக்கத் தேடியும் கிடைக்காதது ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். யானை நடமாடும் காட்டில் இரவு நடைக்கு அனுமதியும், கூடவே வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆனால் ஓணானுக்குப் பொருந்திய முறை அரணைக்குப் பொருந்தாது. அதற்குத் தரையில் சதுரம் கட்டி, ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சருகைப் புரட்டிக்கொண்டே வர வேண்டும். வாளி புதைத்துத் தடுப்பு வேலி போடலாம் என்றால், பாறைச் சரிவில் குழி தோண்ட முடியாது. மழை பெய்தால் வாளி நிறைந்து, விழுந்தது மூழ்கிச் சாகும். முட்டையிடத் தவிர மண்ணில் இறங்காத பறக்கும் ஓணானோ இந்த இரண்டிலுமே சிக்காது. ஒரே முறையை வைத்துக்கொண்டு மலை முழுவதும் நடந்தால், அந்த முறைக்கு வசப்பட்டவை மட்டுமே பட்டியலில் ஏறும்.

தேடும் இடத்திலும் சாய்வு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் ஆய்வாளர் மனம் உச்சியிலுள்ள மழைக்காட்டுக்குத்தான் போகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இதற்கு நல்ல பாடம். அங்கே 2024இல் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட இரண்டு பாறைப் பல்லிகள் அடிவாரத்தில், 250 முதல் 400 மீட்டர் உயரத்தில், இலையுதிர் காட்டில் கிடைத்தவை. ஒன்று சதுரகிரி மலையின் பெயரைப் பெற்றது. மற்றதன் ஆணுக்கு மஞ்சள் தலை, முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். ஓவியர் வான்கோவின் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை நினைவூட்டியதால் அவர் பெயரே வைத்தார்கள். உடல் நீளம் 4 செ.மீ.கூட இல்லை. இரண்டும் காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த வேளையில் நடமாடுபவை. உச்சிக்குப் போகும் அவசரத்தில் நண்பகலில் அடிவாரத்தைக் கடப்பவர் கண்ணில் அவை படுவது அரிது.

இங்கேதான் இந்த நடைமுறையின் பெரிய ஓட்டை இருக்கிறது. ‘காணோம்’ என்பது தேடியவனைப் பற்றிய செய்தி; ‘இல்லை’ என்பது காட்டைப் பற்றிய செய்தி. வெறும் பெயர்ப்பட்டியல் முன்னதைப் பின்னதாக்கிவிடுகிறது. ஒரு பேச்சுக்கு, ஓரிடத்தில் வாழும் பல்லி ஒரு தேடலில் கண்ணில் படும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போனால் தவறவிடும் வாய்ப்பு 70. ஐந்து முறை போனால் 17தான். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தவறவிடும் வாய்ப்பையே கணிக்கும் புள்ளியியல் முறைகள் 2002 முதல் பரவலாகிவிட்டன. ஆனால் அனுமதியும் பணமும் ஒரு பருவத்துக்குத்தான் என்றால், அந்த ஐந்தாவது நடை நடக்காது.

பெயர் சூட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பாறைப் பல்லிகளில் பல, படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். செதில்களை எண்ணி, மரபணுவை ஒப்பிட்டால்தான் பிரியும். எனவே சில மாதிரிகளைச் சேகரிப்பது தவிர்க்க முடியாதது. கிடைத்த இடத்தைத் துல்லியமாக அச்சிடுவது மட்டும் தவிர்க்கக்கூடியது. வியட்நாமின் ஒரு சிறு தீவில் கண்டறியப்பட்டு 2010இல் விவரிக்கப்பட்ட வண்ணப் பல்லி, செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்பட்டு, கடைசியில் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் ஏற வேண்டியதாயிற்று.

ஆகவே நடந்து எழுதும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. எழுதுவதைக் கூட்டினால் போதும். கண்டதற்கு ஒரு வரி எழுதும் குறிப்பேட்டில் காணாததற்கும் ஒரு வரி வேண்டும். ‘அரணை. மூன்று பேர், இரண்டு மணி நேரம், மழை விட்ட காலை, சருகு புரட்டினோம். காணோம்.’ பத்தாண்டு கழித்து அதே சரிவுக்கு வருபவருக்கு, நீளமான பெயர்ப்பட்டியலைவிட அந்த ஒரு வரிதான் உதவும்.