கைக்கடிகாரம் கட்டிய பார்வையாளன்

நாடகம் பற்றிய நம் விவாதங்களில் நடிப்பு, மேடை, மரபு, அரசியல் எல்லாம் அடிபட்டாயிற்று. வந்து உட்காருகிறவன் எத்தனை மணிக்கு எழுந்து போயாக வேண்டும் என்பதை மட்டும் லௌகீக விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். எனக்கு அது வடிவத்தின் பிரச்னையாகவே படுகிறது.

இதை யோசிக்க நேர்ந்தது திருநீர்மலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவிதை எழுதும் மாம்பலத்து நண்பரும் நானும் மலையேறிவிட்டு, அடிவாரத்தில் அவர் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். இரவு தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கூத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது இந்த ஊர் ஸ்தலபுராணம். "நமக்குக் கடைசி ரயில் வரைக்கும்தான்" என்றார் நண்பர்.

மலைக்குக் கிழக்கே பம்மல். 2021இல் இரண்டு ஊர்களும் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. அந்த ஊரின் பெயரைத் தன் பெயரில் சுமந்த சம்பந்த முதலியார் (1873-1964) தமிழ் நாடகத்துக்குச் செய்தவற்றுள் முக்கியமானது, அதற்கு ஒரு முடிவு நேரம் கொடுத்தது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது நாடகம் என்பது ராத்திரி முழுக்க நடக்கிற பாட்டுக் கச்சேரி. படித்தவன் ஒதுங்கி நின்ற தொழில். அவர் அதை உரைநடைக்கும் சில மணி நேரத்துக்கும் கொண்டுவந்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். அதே வர்க்கம் பார்த்தது. சத்தியமூர்த்தியும் வேஷம் கட்டியிருக்கிறார். மறுநாள் கோர்ட்டுக்கோ ஆபீசுக்கோ போக வேண்டியவர்கள் இவர்கள். சம்பந்த முதலியாரே வக்கீலாக இருந்து, பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியானவர்.

ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், 'மனோகரா' எழுதினார் என்று சரித்திரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் படைத்தது ஒரு பார்வையாளனையும்தான். டிக்கெட் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மணி பார்த்து வீடு திரும்புகிறவன். பகலில் ஊர் சுற்றி, சாப்பிட்டு, இரவில் நாடகம் பார்த்துத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை என்பதே இவன் கண்டுபிடித்த வாழ்க்கை முறை. அதைத்தான் நண்பரும் நானும் அன்று நடத்திக்கொண்டிருந்தோம்.

கூத்து பத்து மணிக்குத் தொடங்கியது. துகிலுரிதல். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வரவே முக்கால் மணியாயிற்று. குழந்தைகள் பாயில் தூங்கினார்கள். சிலர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். யாருக்கும் எதையும் தவறவிட்டதாகப் பதற்றம் இல்லை, கதை தெரிந்ததுதான். பதினொன்றுக்கு நாங்கள் எழுந்தோம். கட்டியங்காரன் பார்த்துவிட்டான். "மகாராஜா, சபையிலே ரெண்டு பேரு எழுந்து போறாங்க. பீஷ்மருந் துரோணரும் போல இருக்குது. அநியாயம் நடக்கறதுக்கு முன்னாலியே போறாங்களே!" கூட்டம் சிரித்தது.

இது வெறும் கோமாளித்தனம் அல்ல. எங்கள் வெளியேற்றத்துக்கு அந்த நாடகத்தில் இடம் இருந்தது. சூதாடிய சபையும் எதிரில் உட்கார்ந்திருந்த சபையும் ஒன்று என்ற பாவனையில் இயங்குகிறது கூத்து. வருகிறவனும் போகிறவனும் தூங்குகிறவனும் அதற்குள் அடக்கம். சம்பந்த முதலியாரின் சபையில் பாதியில் எழுந்து போகிறவன் ஓர் இடைஞ்சல் மட்டுமே.

1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நம் பார்வைக்குக் கொண்டுவந்ததில் அவருடைய எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாதல் சர்க்காரின் 1980 சோழமண்டலப் பட்டறை மேடையையே தேவையில்லை என்றது. இவை சாதாரணக் காரியங்கள் அல்ல. ஆனால் இவற்றைத் தொடர்ந்து வந்த நவீன நாடகங்கள் பலவற்றில் கூத்தின் அடவு வந்தது, கட்டியங்காரன் வந்தான். அவன் பேசுவதோ ஒத்திகையில் தீர்மானித்த வசனம். விளக்கணைத்த ஹாலில் எழுந்து போகிறவனை அவனால் பார்க்க முடியாது. கூத்தின் உடல் நம்மிடம் இருக்கிறது. நேரம் சம்பந்த முதலியாருடையது. சபா நாடகத்தை எதிரி என்று முழங்கியவர்கள் அதன் கடிகாரத்தை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டோம்.

விடிய விடிய நாடகம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை வங்கிக் கவுண்டரில் உட்கார வேண்டியவன் நான். அப்படிப்பட்ட நாடகத்துக்கு நானே வரமாட்டேன். ஆனால் சம்பந்த முதலியாருக்குத் தன் பார்வையாளன் யார் என்று தெரிந்திருந்தது. பங்களா வாழ்க்கையின் அசட்டுத்தனத்தை அந்த வர்க்கத்தையே உட்கார வைத்துச் சிரிக்க விட்டது 'சபாபதி'. நமக்கு எதிரில் இருப்பவனைக் கிராமத்தான் என்றோ மக்கள் என்றோ கற்பனை செய்துகொண்டு ஆடுகிறோம். வந்திருப்பவர்கள் கைக்கடிகாரம் கட்டிய ஐம்பது பேர். பலர் எழுதுகிறவர்கள். ஒன்பதரைக்கு மேல் தங்க முடியாதவர்கள். இந்த ஐம்பது பேரின் அவசரமும் களைப்பும் நாடகத்துக்கு உள்ளே வர வேண்டும். அதைச் செய்யும் ஒரு நாடகப் பிரதி நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை என்றே நினைக்கிறேன். எழுதப்பட்டால் அதற்குக் கட்டியங்காரன் இல்லாமற்போனாலும் குற்றமில்லை.