குடிலனும் குளோசுடர் கோமகனும்

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் வரும் அமைச்சன் குடிலனை, ஒதெல்லோ நாடகத்து இயாகோவுடன் ஒப்பிட்டு நோக்குவது ஆராய்வார் பலருக்கும் வழக்கமாயிற்று. நயவஞ்சகச் சொல் ஒன்றையே கருதின் அவ்வொப்புமை பொருந்தும். ஆயின் இயாகோ அரியணையை நாடியவன் அல்லன். குடிலனின் வேட்கையோ முடியாட்சி பற்றியது. ஆதலின் அவனை மூன்றாம் ரிச்சர்டு என்னும் வரலாற்று நாடகத்துக் குளோசுடர் கோமகனோடு நிறுத்திக் காண்பதே முறை என்பது நம் கருத்து.

சேக்சுபியர் தம் மாந்தனின் கோணலை உடலில் வைத்தார். (2012-இல் லெசுடர் நகரில் அகழ்ந்தெடுத்த ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மையே, எனினும் நாடகம் கூறும் சூம்பிய கைக்கு அங்குச் சான்றில்லை.) நம் ஆசிரியரோ கோணலைப் பெயரிலேயே வைத்தார், குடிலம் என்பது வளைவையும் வஞ்சத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல்லன்றோ!

இருவர்க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. ரிச்சர்டு அரச குருதியில் பிறந்தவன். அவனுக்கும் முடிக்கும் இடையே நிற்பவை சில உயிர்கள். அவற்றை நீக்கினால் முடி தானே வந்தெய்தும். ஆகவே தமையன் கிளாரன்சும், ஏசுடிங்சும், கோபுரத்துச் சிறுவர் இருவரும் மாள்கின்றனர். குடிலனுக்கோ பிறப்புரிமை இல்லை. கொலையால் அவன் பெறுவது யாதுமில்லை. அரசன் கையாலேயே அரசைப் பெறவேண்டும். அதற்கு அவன் கொண்ட ஒரே கருவி சீவகனின் நம்பிக்கை. மதுரையை விடுத்து நெல்வேலியில் கோட்டை கட்டச் செய்கிறான். மணத்தூது என்னும் பெயரால் மகன் பலதேவனைச் சேரனிடம் போக்கிப் போரை மூட்டுகிறான். தோல்விப் பழியை நாராயணன்மேல் ஏற்றுகிறான். ஈற்றில் மனோன்மணியையே தன் மகனுக்கு மணமுடிக்க அரசனை இசைவிக்கிறான். ஒவ்வோரிடத்தும் சீவகன் தானே விரும்பி இணங்குகிறான் என்பது கருதத்தக்கது. குடிலனின் வஞ்சத்தை அளக்கும் கோல் சீவகனின் பேதைமையே.

இனிக் குறையும் கூறவேண்டும். ரிச்சர்டு நாடகத் தொடக்கத்திலேயே நம்மைத் தன் கூட்டாளி ஆக்கிக்கொள்கிறான். நாமும் அவன் நகைச்சுவையில் மயங்கி, அவன் வெற்றியைச் சிறிது விரும்பிவிட்டுப் பின்னர் நாணுகிறோம். குடிலனும் தனிமொழியில் தன் நெஞ்சைத் திறக்கிறான். ஆயினும் திட்டத்தை அறிவிக்கின்றானேயன்றி அதில் தான் துய்க்கும் களிப்பை நமக்குப் பகிர்ந்தளிப்பதில்லை. அன்றியும் ரிச்சர்டு விரும்பிய முடியைப் பெறுகிறான். பெற்றபின் அச்சம் அவனைத் தின்கிறது. 1485-இல் நிகழ்ந்த போசுவொர்த்துப் போருக்கு முந்தைய இரவில், கொலையுண்டார் ஆவிகள் தோன்றி மறைந்தபின், அவன் தன்னோடு தானே வழக்காடுகிறான். குடிலன் முடியைத் தொடவே இல்லை. இலிட்டன் பிரபுவின் 1866-ஆம் ஆண்டுக் கதையைத் தழுவியதால் நாடகம் மணவிழாவை நோக்கி விரைகிறது. வஞ்சகனுக்குத் தளை போதுமென அமைகிறது.

ஆயினும் அத்தகையதோர் இரவு குடிலனுக்கும் வாய்த்தது. சுந்தரமுனிவர் அமைத்த சுருங்கையின் மறையைச் சேரனுக்கு விற்கச் சென்றவன், அச்சேரனாலேயே சிறைப்பட்டு, அதே சுருங்கையில் அவனுக்கு வழிகாட்டி நடக்க நேர்கிறது. அவ்விருளில் அவன் நெஞ்சொடு கிளந்தது யாது? சேக்சுபியராயின் அங்கே ஒரு களம் வகுத்திருப்பார். நம் ஆசிரியர் புருடோத்தமனை மணமண்டபத்திற்குக் கொணர்வதிலேயே கருத்தாயிருந்தார்.