குறிலும் நெடுஞ்சுரமும்: புக்ஸ்டெஹூடவின் ஆர்கன் சிற்றிசை ஒன்றை முன்வைத்து

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வில் கீர்த்தனைகளுக்குக் கிடைத்த மதிப்பு ஞானப்பாட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்களை இசைத்தமிழ் மரபில் வைத்துப் பேசுகிறோம். பெப்ரிசியஸ் (1711–1791) முதலியோர் மொழிபெயர்த்த பாடல்களையோ அன்னிய மெட்டுக்குள் திணிக்கப்பட்ட தமிழ் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். இத்தீர்ப்பில் உண்மை உண்டு. ஆனால் குற்றவாளி யார் என்பதில் பிழை உண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்குச் சான்றாக அமைவது, தமிழ்ச் சூழலில் அதிகம் அறியப்படாத ஓர் ஆர்கன் சிற்றிசை.

டீட்ரிக் புக்ஸ்டெஹூட டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை அந்நகரின் புனித ஓலாய் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகன் 1668இல் ஜெர்மானிய நகரான லூபெக்கிற்குச் சென்று, 1707இல் மறையும்வரை அங்கே பணியாற்றினார். டென்மார்க்கையே அவர் தம் தாய்நாடாகக் கருதினார் என்று அவர் மறைவையொட்டி வந்த இதழ்க் குறிப்பு கூறுகிறது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிற்றிசை அவருடைய படைப்புப் பட்டியலில் 208ஆம் எண்ணைப் பெற்றது. டேனிய மொழியில் 'நூ பேட வி டென் ஹெலியோன்' எனத் தொடங்கும் பாடலின் மெட்டு அதற்கு அடிப்படை. 'தூய ஆவியை இப்போது வேண்டுகிறோம்' என்பது அத்தொடரின் பொருள். பாடல் டென்மார்க்கில் பிறந்ததன்று. 13ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மக்கள் பாடிய ஒற்றைச் செய்யுளுக்கு 1524இல் லூத்தர் மேலும் மூன்று செய்யுள்கள் சேர்த்தார். அந்நூற்றாண்டிலேயே அது டேனிய மொழியிலும் வேரூன்றியது. ஆக, மெட்டு ஒரு முறை மொழி மாறியபின்தான் புக்ஸ்டெஹூடவின் இளமைக்கால ஊரில் ஒலித்தது.

சிற்றிசையின் அமைப்பு எளியது. மெட்டு ஒரு விசைப்பலகையில் தனித்து ஒலிக்கிறது. இடக்கை வேறொரு விசைப்பலகையில் நடுக்குரல்களை இசைக்க, கால்கள் மந்திரத்தைத் தாங்குகின்றன. மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் சபை பாடும் வடிவில் மெட்டு இதில் வருவதில்லை. ஓரிடத்தில் ஒரு சுரம் காத்து நிற்கிறது. இன்னோரிடத்தில் சுற்றிச் சுழன்று அடுத்த சுரத்தை அடைகிறது. வரிக்கும் வரிக்கும் இடையே மெட்டு மௌனமாகிவிட, கீழ்க்குரல்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன. பாடலை அறிந்தவர் சொற்களை மனத்துள் நிரப்பிக்கொண்டு கேட்க வேண்டும். விருத்தம் பாடுபவர் ஒரு சீரை நிறுத்தி, அதன்மேல் இராகத்தை விரித்து, மீண்டும் சொல்லுக்குத் திரும்புவதை அறிந்த செவிக்கு இது புதிதன்று.

ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. ஆர்கன் குழலின் சுருதி நிலையானது. கமகத்தின் அசைவு அதற்கு வராது. இதே காரணத்தை முன்னிறுத்தித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. புக்ஸ்டெஹூடவின் அலங்காரம் தனித்தனிச் சுரங்களால் ஆனது. மற்றொரு நெருடலும் உண்டு. இம்மெட்டு ஐந்து சுர அடிப்படை கொண்டது. நம் செவிக்கு மோகனத்தின் சாயல் தெரியும். கீழ்க்குரல்கள் நுழைந்ததும் மத்திமமும் நிஷாதமும் வந்து சேர, மோகனம் குலைகிறது. இராக ஒழுங்கில் வளர்ந்த செவிக்கு இது இழப்பே. மேலை இசைவிதி அறிந்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்ல இக்கட்டுரையாளர் விரும்பவில்லை. ஒப்புமை ஒலியில் இல்லை, நீட்சியைக் கையாளும் முறையில் இருக்கிறது.

ஞானப்பாட்டின் சிக்கலும் நீட்சியில்தான் தொடங்குகிறது. ஜெர்மானிய, டேனிய மொழிகளின் செய்யுள் அழுத்தத்தால் நடக்கிறது. தமிழ்ச் செய்யுள் குறில் நெடிலால் ஆன அசைகளால் நடக்கிறது. ஓரெழுத்துக்கு ஒரு சுரம் என்று அளந்து வைத்தால், மெட்டின் நெடுஞ்சுரத்தில் குறில் வந்து விழும். 'விடு' என்பது 'வீடு' ஆகும், 'கலை' 'காலை'யாகும். சபையில் பாடும்போது பொருள் மங்குவது இதனால்தான். தமிழ் யாப்பு இந்நிலையை அறியாததன்று. குறில் நெடிலாகிப் பின் அளபெடுக்கும் இன்னிசை அளபெடை, இசைக்காக எழுத்து நீளும் இடத்திற்கு இலக்கணமே வகுத்த வழி. மொழிபெயர்த்தோர் இவ்வழியைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. எழுத்துகளை எண்ணினார்கள், மாத்திரைகளை எண்ணவில்லை. எனவே குற்றம் மெட்டின்மேல் இல்லை. அம்மெட்டு எவ்வளவு நெகிழ்ச்சியைத் தாங்கும் என்பதை 208ஆம் சிற்றிசை காட்டிவிடுகிறது.

இந்நெகிழ்ச்சியை ஐரோப்பியச் சபைகளும் எளிதில் ஏற்கவில்லை. 1705ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இளைஞர் பாக், புக்ஸ்டெஹூடவைக் கேட்பதற்காக ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்கிற்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தார். திரும்பியபின், 1706 பிப்ரவரியில் ஆர்ன்ஸ்டாட் திருச்சபை அதிகாரிகள் அவரைக் கண்டித்தனர். பாடல்களில் விந்தையான மாற்றங்களைச் செய்து, பொருந்தாத சுரங்களைக் கலந்து சபையோரைக் குழப்புகிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பாக் லூபெக்கிற்குச் சென்ற அதே பருவத்தில், 1705 நவம்பர் இறுதியில், கோபன்ஹேகனிலிருந்து சீகன்பால்கும் புளூட்சோவும் கப்பலேறினர். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். தரங்கம்பாடிக்கு இம்மரபின் பாட்டுமெட்டு வந்தது; மெட்டை விரித்துப் பார்க்கும் லூபெக்கின் கலை உடன் வரவில்லை.

டேனிய ஆட்சிக்குட்பட்ட பரோ தீவுகளில் நிகழ்ந்தது நமக்குப் பயனுள்ள எதிர்ச்சான்று. 1699இல் வெளிவந்த கிங்கோவின் பாடல் நூலைக் கொண்டு அத்தீவு மக்கள் ஆர்கன் துணையின்றி, மிக மெதுவாக, சுரங்களை வளைத்தும் நெளித்தும் பாடினர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாணி. தேவாலயங்களில் ஆர்கன் வந்தபின் அப்பாணிகள் மங்கின. தோற்றத்தால் ஐரோப்பியரே ஆயினும் அவர்களும் மெட்டை அளவுகோலாகக் கொள்ளாமல் கொம்பாகக் கொண்டு கொடியைப் படரவிட்டனர்.

சிங்கப்பூரில் இரண்டு காட்சிகளையும் ஒரே நகருக்குள் காணலாம். எஸ்பிளனேட் இசையரங்கில் கிளைஸ் நிறுவனத்தின் ஆர்கன் 4,740 குழல்களுடன் நிற்கிறது. 208ஆம் சிற்றிசைக்கு அவற்றில் மிகச் சிலவே போதும். அங்கிருந்து சிறிது தொலைவில் தேக்கா. அவ்வட்டாரத் தமிழ்த் தேவாலயமொன்றின் ஞாயிறு வழிபாட்டில், மின்விசைக் கருவி அடுத்த வரிக்குப் போய்விட்ட பின்னும், முதிய பெண்கள் சிலர் முந்தைய வரியின் கடைசி நெடிலை விடாமல் அசைத்துக்கொண்டிருந்ததை இக்கட்டுரையாளர் கேட்டதுண்டு. பாமாலையை 'ஒழுங்காக'ப் பாடும் இளையோருக்கு அது தாமதம். அந்த முதியோர் நீட்டிய இடங்கள் பெரும்பாலும் நெடிலாகவே இருந்தன. குறிலில் அவர்கள் நிற்கவில்லை. மொழிபெயர்த்தோர் எண்ணாத மாத்திரையைப் பாடியோர் எண்ணிக்கொண்டிருந்தனர். அவர்கள் குரலைப் பதிவு செய்து, அவர்கள் நிற்கும் இடங்களைப் பாமாலையின் அச்சுப்படியில் ஒன்றொன்றாகக் குறித்து, புக்ஸ்டெஹூட நிற்கும் இடங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, இசையறிந்த தமிழாசிரியர் ஒருவர் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. பாடும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.