75 நிமிடமும் எட்டு மாதமும்

2004 சுனாமிக்குப் பிறகு தென்னிந்தியக் கடற்கரையின் மீனவக் கிராமங்களுக்கு ஒரு குழு வந்தது. மனம் உடைந்து கிடந்த 150 பேருக்கு உடல்வழிச் சிகிச்சை கொடுத்தது. ஆளுக்கு ஓர் அமர்வு, 75 நிமிடம். எட்டு மாதம் கழித்து விசாரித்தபோது பத்தில் ஒன்பது பேர், தொந்தரவு நன்றாகக் குறைந்துவிட்டது அல்லது அறவே இல்லை என்றார்கள். 2008இல் வெளியான இந்த ஆய்வு, ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ என்ற முறையை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் சான்றுகளில் ஒன்று.

நம் மண்ணில் நடந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. அதனாலேயே கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. சிகிச்சை பெறாத அடுத்த தெருக்காரர் அதே எட்டு மாதத்தில் எப்படித் தேறினார் என்பதற்கு அதில் விடை இல்லை. பேரிடரில் சிக்கியவர்களில் பெரும்பாலோர், வலையைச் சீர்செய்து, கடலுக்குத் திரும்பி, சொந்தபந்தத்தோடு அழுது தாமாகவே மீள்கிறார்கள். இந்த மீட்சியில் 75 நிமிடத்தின் பங்கு எவ்வளவு, எட்டு மாதத்தின் பங்கு எவ்வளவு? மனநலப் பணியாளர்களை இந்த முறையின் மூன்றாண்டுப் பயிற்சிக்கு அனுப்புமுன் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் பீட்டர் லெவின். ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடம்பு திரட்டிய வேகம் செலவாகாமல் உள்ளே தங்கிவிடுகிறது என்கிறார் அவர். நடந்ததை முழுக்கச் சொல்லவைப்பதைவிட, உடம்பில் எழும் உணர்வைத் துளித்துளியாகத் தொட்டு, நிம்மதியான இடத்துக்கு மீண்டு, மறுபடி தொட வேண்டும் என்பது அவர் கருத்து. பயிற்சி எட்டுக் கட்டமாக நடக்கிறது. பயில்பவர் தாமும் சிகிச்சைக்கு உட்கார வேண்டும், தாம் பார்க்கும் ஆட்களைப் பற்றி மூத்தவரிடம் ஆலோசிக்கவும் வேண்டும்.

இதில் நான் மனதார மதிப்பது கவனிக்கும் பழக்கத்தை. ஒரு வகுப்பில் பார்த்தேன். விபத்தில் சிக்கிய பெண்மணி ஒருவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் சலனமே இல்லை. ஆனால் வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, இல்லாத பிரேக்கை மிதிப்பதுபோல. பயிற்றுநர் கதையை அங்கேயே நிறுத்தினார். “அந்தக் காலை இன்னும் கொஞ்சம், மெதுவா அழுத்துங்கம்மா” என்றார். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டு, “நின்னுடுச்சு” என்றார். பேச்சை மட்டும் கேட்கப் பழகிய ஆலோசகர் அந்தப் பாதத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

நம்மவர்கள் துன்பத்தை உடம்பால்தான் சொல்கிறார்கள். வயிற்றைப் பிசையுது, நெஞ்சை அடைக்குது, கைகால் விட்டுப்போச்சு என்று வருகிறவரிடம் “மனசுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டால் அவர் விழிக்கிறார். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை உணர்ந்து, மூச்சுப் பயிற்சியையும் சாந்தியாசனத்தையும் மந்திர ஜெபத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அதற்கு வெளிநாட்டு முத்திரை தேவைப்படவில்லை.

சான்றுகளுக்கு வருகிறேன். 2017இல் வெளியான, இஸ்ரேலில் 63 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் ஒன்றாக 15 அமர்வு பெற்றவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டது காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு. எந்த உதவியும் பெறாதவரைவிட மேல் என்பதற்குத்தான் அது சாட்சி. டென்மார்க்கில் முதுகுவலியும் மனவடுவும் சேர்ந்திருந்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையோடு இதையும் கூட்டிப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவு: கூடுதல் பயன் ஏதுமில்லை.

எளிய யோகாவின் கணக்கு இதைவிட உறுதியாக நிற்கிறது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்னாள் ராணுவப் பெண்கள் 131 பேரிடம், மனவடுவுக்கேற்ப வடிவமைத்த யோகா, தேர்ந்த பேச்சுச் சிகிச்சை ஒன்றுக்கு ஈடாக நின்றது. பாதியில் விடாமல் முடித்தவர்களும் யோகா பக்கமே அதிகம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இலங்கையின் வடகிழக்கில் நடந்தது. போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய 31 குழந்தைகளை முகாமிலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தந்தார்கள். ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தில் மீண்டவர்கள் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71. சிகிச்சையே பெறாத குழு இங்கேயும் இல்லை, அந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனாலும் குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் தமிழில் பேசி இதைச் செய்ய முடிந்தது என்பது பெரிய செய்தி.

சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பாடத்திட்டத்தில் ஒரு கோளாறும் உண்டு. ஆபத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினையை வேகஸ் நரம்பைக் கொண்டு விளக்கும் ஸ்டீபன் போர்ஜஸின் பாலிவேகல் கோட்பாடு பல வகுப்புகளில் நிறுவப்பட்ட உடலியலாகவே சொல்லித்தரப்படுகிறது. அதன் அடிப்படைகளை பால் கிராஸ்மன் போன்ற ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக மறுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சர்ச்சை நடக்கிறது என்பதையாவது மாணவருக்குச் சொல்ல வேண்டாமா?

அதைவிடக் கவலை தருவது வார இறுதிப் பட்டறைகள். அப்படி ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேர். கண்ணை மூடி உடம்பை மேலிருந்து கீழாகக் கவனிக்கச் சொன்னார்கள். பத்தாவது நிமிடம் பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குக் கை நடுங்கத் தொடங்கியது, பிறகு தோள், பிறகு பல் கிட்டியது. “தேங்கினது வெளியேறுது, விடுங்க” என்று மேடையிலிருந்தே சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் மறுநாள் மாலை சான்றிதழ் கிடைத்தது.

என் தீர்ப்பு இதுதான். மனவடுவுக்கு முதல் சிகிச்சையாகச் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்கை வைக்க இன்று ஆதாரம் போதாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டுதலும் மனவடுவை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (சிபிடி), கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் ஆகியவற்றைத்தான் பரிந்துரைக்கிறது. அவற்றில் ஒன்றிலாவது தேர்ந்த, முறையாகப் பதிவுபெற்ற உளவியலாளருக்கு இந்த மூன்றாண்டுப் பயிற்சி நல்ல கூடுதல் கல்வி, செலவுக்குத் தகும். தொழிலுக்குள் நுழையும் வாசலாக இதை யாருக்கும் திறந்துவிடக் கூடாது. சிகிச்சையில் உடம்பைத் தொடுவதற்கு எழுத்தில் விதி வேண்டும். நடுங்குகிறவரின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லாத வகுப்பு நடக்கவே கூடாது. அரசு மருத்துவமனை ஆலோசகர்களுக்குத் தேவை இதில் ஒரு பங்குதான்: பாதத்தைப் பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, கதையை எங்கே நிறுத்துவது என்று அறிவது. அதைத் தமிழில், சில வாரங்களில், மேற்பார்வையோடு கற்றுத்தரலாம். அதன் பலனை அளக்கும்போது, பயிற்சி பெறாத ஆலோசகர்களிடம் வந்தவர்களையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.