அவத்தை ஐந்தும் உறக்க நூலார் படிகளும்

சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் எனச் சித்தாந்த நூல்கள் கூறும் அவத்தை ஐந்தனையும் மேனாட்டு உறக்க நூலார் வகுத்த படிகளோடு ஒன்றெனக் காட்டி, நம் முன்னோர் கூறியதனையே அவர் கருவி கொண்டு கண்டனர் என மகிழ்வார் சிலர் உளர். அக்கருத்து நூலின்பாற் கொண்ட அன்பினால் எழுந்ததேயாயினும், இருபாலார் கூற்றினையும் திரிப்பதாகலின் ஆராயற்பாலது.

அவர் காட்டும் ஏது எண் ஒன்றே. 1968-இல் ரெக்ட்சாஃபன், கேல்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட அளவை நூல், மூளையின் மின்னலை, விழியசைவு, தசையிறுக்கம் என்பவற்றை நோக்கி உறக்கத்தை நான்கு படியாகவும், இமையுள் விழி விரைந்தசையும் உறக்கத்தை வேறொன்றாகவும் வகுத்தது. நான்கும் ஒன்றும் ஐந்தாதலின் அவத்தை ஐந்தும் இவையே என்பர். 2007-இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தார் மூன்றாம் நான்காம் படிகளை ஒன்றாக்கினர். இனி அவத்தையும் நான்கென்பரோ? அன்றியும், சாக்கிரம் உறக்கமன்று. அதனை உறக்கத்தின் முதற்படியில் ஏற்றியது எண்ணை நிரப்புதற்கன்றிப் பிறிதொன்றற்கன்று.

முறையும் ஒவ்வாது. உயிர் இலாடத்தினின்று இறங்குங்கால் கண்டத்திற் சொப்பனமும் அதன்பின் இதயத்திற் சுழுத்தியும் எய்தும். உறக்க நூலார் கண்டதோ, ஆழ்ந்த உறக்கம் முன்னாக, விழிவிரை உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடங் கழித்துப் பின்னாக, ஓரிரவில் நான்கைந்து முறை மாறிவருதல். மீளுங்காலும் உயிர் சொப்பன வழியே மீளுமன்றோ எனின், அது விழிவிரை உறக்கமே கனவு எனக் கொண்டார்க்கே விடையாம். 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அவ்வுறக்கத்தில் எழுப்பப்பட்டார் பெரும்பாலும் கனவுரைத்தல் கண்டனர். 1962-இல் ஃபௌல்க்ஸ் ஏனைப் படிகளில் எழுப்பப்பட்டாரும் கனவுரைத்தல் காட்டினர். ஆகலின் அவ்விடை நில்லாது.

ஒப்புநோக்கத் தக்க இடம் ஒன்றுண்டு. அதனை இவர் கண்டிலர். சாக்கிரத்திற் கருவி 35. சொப்பனத்தில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழிய, நிற்பன 25. இந்திரியம் பத்தும் ஒழிந்தும், அவற்றின் வழி நிகழும் சத்தாதி ஐந்தும் வசனாதி ஐந்தும் ஒழியாது நிற்றலே இக்கணக்கின் நுட்பம். கண் இல்வழியும் காட்சி உண்டு, கால் இல்வழியும் நடை உண்டு. பிரான்சு நாட்டு ஜூவே 1959-இல் பூனைகளை ஆராய்ந்து, மூளை விழித்தாற்போல இயங்க உடற்றசை முற்றும் தளர்ந்துகிடக்கும் உறக்கத்தைக் கண்டு, முரணுறக்கம் எனப் பெயரிட்டனர். அத்தளர்ச்சி அமையாத மாந்தர் கனவிற் கண்டபடியே கைகாலை வீசி உடனுறங்குவாரையும் புடைத்தல் 1986-இல் மின்னசோட்டா மருத்துவரால் எழுதப்பட்டது. கனவிலும் நடையும் பேச்சும் அற்றொழிவன அல்ல, கருவி அடங்கலின் வெளிப்படாதன என்பது இதனாற் புலனாம். எனினும் நூல் எண்ணுவது உயிர் அறிதற்குத் துணையாங் கருவிகளை. மருத்துவர் அளப்பது உடலின் நிகழ்ச்சியை. ஓரிடத்து ஒத்தமை பற்றி இரண்டும் ஒன்றாகா.

துரியாதீதத்தை ஆழ்ந்த உறக்கத்தில் ஏற்றுவதோ பெரும்பிழை. சுழுத்தியிற் பிராணன், சித்தம், புருடன் என மூன்றும், துரியத்திற் பிராணனும் புருடனும் நிற்ப, துரியாதீதத்திற் புருடன் ஒன்றே மூலாதாரத்தில் நிற்கும். பிராணனும் ஆண்டு நீங்குதலின் அதனை உயிர்ப்படங்கல் என்றனர். ஆழ்ந்த படியில் உறங்குவானுக்கோ மூச்சு மெல்லென ஒருசீராய் இயங்குகின்றது. சிலர்க்கு அது குறட்டையாய் அடுத்த அறைக்கும் கேட்கின்றது.